பல்லக்காவின் கடைசிப் பக்கம்

என் மருமகள் பல் செய்கிறவள். இதைச் சொன்னதும் கேட்கிறவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள். அவள் எதிரில் யாரும் தாராளமாகச் சிரிப்பதில்லை. பல் மருத்துவமனையின் பின்பக்கம், வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி நீளமாக ஒரு அறை. அங்கே உட்கார்ந்து, பல் போனவர்களுக்கெல்லாம் பல்செட் செய்கிறாள். தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். எங்கள் பகுதியில் இன்றைக்குக் கெட்டியாக எதையாவது கடித்துத் தின்கிற முதியவர்களில் பாதிப் பேர் அவள் தயவில் கடிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தும்மியபோது பல்செட் பறந்துபோய் எதிர்வீட்டு நாயின் காதைக் கவ்விவிட்டதாகவும், நாய்க்கு ஊசி போட வேண்டி வந்ததாகவும் சொல்வார்கள். நான் சொல்லவில்லை. சொல்வார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாவல் எழுதினாள்.

எப்போது எழுதினாள் என்று கேட்டால், பிளாஸ்டர் இறுகும் நேரத்தில் என்பாள். அச்சுக்குள் பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றினால் அது கல்லாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் டீ குடித்தார்கள், இவள் எழுதினாள். ஒவ்வொரு பக்கத்திலும் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். தட்டினால் இருமல் வரும். சில வருடங்கள் இப்படிக் காத்திருந்து காத்திருந்து, ஒரு நாள் பார்த்தால் புத்தகம்.

கதை இதுதான். ஒருத்தி தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொள்கிறாள். அவளுடைய அப்பா அவளை அடிக்கவில்லை, விரட்டவில்லை, வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிடுகிறார். விசேஷங்களில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவருக்கு உப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "அந்தப் பொண்ணை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்பார். வருடங்கள் ஓடுகின்றன. அந்தப் பொண்ணு அந்தப் பொண்ணாகவே இருக்கிறாள். கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடக்கிறார். மகள் பக்கத்தில் நிற்கிறாள். அவர் நர்ஸைப் பார்த்து, "அந்தப் பொண்ணைத் தண்ணி குடுக்கச் சொல்லுங்க" என்கிறார். அவள் கொடுக்கிறாள். அவர் குடித்து முடித்ததும் நர்ஸைப் பார்த்து அவள் சொல்கிறாள்: "அவருக்குப் போதுமான்னு கேளுங்க."

அதற்குப் பிறகு, அவள் கண்கள் கலங்கின என்று ஒரு வரி. நாவல் முடிந்தது.

அந்த அப்பா யாரென்று எனக்குத் தெரியும். என் சம்பந்தி. அவள் விருப்பப்பட்டுக் கட்டிக்கொண்டது என் மகனை. உப்பைத் தள்ளச் சொன்ன மேசைகளில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். சில சமயம் அந்தத் தூதுவேலை எனக்கே வாய்த்திருக்கிறது. நான் ஒரு முறை உப்புக்குப் பதில் மிளகாய்த்தூளைத் தள்ளினேன். அவர் அதையும் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார். அவ்வளவு வைராக்கியம்.

நாவலை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினாள். அதன் பதிப்பாசிரியர் ஒரு பெண்மணி. தொலைபேசியில் கேட்டால் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போன்ற கனத்த குரல். "நல்ல நாவல், நாங்க போடறோம், சில திருத்தங்கள் மட்டும் வேணும்" என்றார். அன்றைக்கு மருமகள் நடந்து வீட்டுக்கு வரவில்லை, மிதந்து வந்தாள். வாசற்படியில் கால் படவே இல்லை என்பதற்கு நானே சாட்சி. பிறகு திருத்தக் கட்டு வந்தது. பிரித்தாள். நாலு பக்கம் புரட்டினாள். பக்கமெல்லாம் சிவப்பு மை. குழந்தைக்கு அம்மை போட்ட மாதிரி தலை முதல் கால் வரை சிவப்பு. கடைசிப் பக்கத்தில் ஒரு முழுப் பத்தியையும் வளைத்து, "மிகக் கொடூரம். இருவரும் ஒரு வார்த்தையாவது பேசட்டும். மன்னிக்கட்டும்" என்று எழுதியிருந்தது.

அவள் கட்டைத் திரும்பக் கயிற்றால் கட்டினாள். முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.

"எப்பம்மா உட்காரப் போற?" என்று கேட்டேன்.

"நாளைக்கு அத்தை. இன்னிக்கு இந்தச் சன்னலை மட்டும் துடைச்சிடறேன். அழுக்கா இருந்தா எனக்கு யோசனை ஓடாது."

சன்னலைத் துடைத்தாள். கண்ணாடி இருப்பதே தெரியாமல் துடைத்தாள். மறுநாள் காலை வழக்கமாக வரும் காக்கை நேரே உள்ளே நுழையப் பார்த்து, மூக்கு சப்பையாகித் திரும்பிப் போனது. அதன் பிறகு அது கத்தும்போது ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும்.

அடுத்த நாளைக்கு அலமாரி. அதற்கடுத்த நாளைக்குத் தலையணை உறைகள். பிறகு அடுப்பின் அடியில், மனிதக் கை போகாத இடங்கள். என் மகனுடைய சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் தைத்தாள். தீர்ந்ததும், இருந்த பொத்தான்களைப் பிய்த்து மறுபடி தைத்தாள். பென்சில்களைச் சீவினாள், சீவினாள், கடைசியில் அவை பல்குத்தும் குச்சியாக மிஞ்சின. வீடு பளபளத்தது. ஈக்கள் தரையில் இறங்கினால் வழுக்கி விழுந்தன.

இதற்கிடையில் கட்டு மட்டும் வீட்டுக்குள் ஊர் சுற்றியது. சாப்பாட்டு மேசையிலிருந்து ஃபிரிட்ஜின் தலைக்கு, ஃபிரிட்ஜிலிருந்து அலமாரியின் உச்சிக்கு, அங்கிருந்து கட்டிலுக்கடியில் பழைய பெட்டிக்குள். பார்வையில் படாவிட்டால் அது தானே திருந்திவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

என் மகன் லிஃப்ட் மெக்கானிக். அவன் பாணியில் ஒரு நாள் சொன்னான்: "உன் புத்தகம் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. சொல்லு, கதவை நெம்பித் திறந்து ஆளுங்களை இறக்கி விடறேன்."

"நீங்க உங்க லிஃப்டைப் பாருங்க. உள்ள இருக்கறவங்க எல்லாம் என் ஆளுங்க. சௌகரியமாத்தான் இருக்காங்க."

"மூச்சு முட்டுமே?"

"முட்டட்டும்."

வீட்டில் துடைக்க எதுவும் மிச்சமில்லாமல் போனதும் வேலையிடத்தில் ஆரம்பித்தாள். மற்றவர்கள் வேலையையும் வாங்கிச் செய்தாள். அவளுக்குப் பக்கத்து மேசையில் பிளாஸ்டர் அச்சு வார்க்கிறவர் ஒருவர். எப்போதும் தலையிலிருந்து செருப்பு வரை வெள்ளையாக இருப்பதால் அவருக்கு மாவு என்று பெயர். என் மருமகளைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் ஊரோடு சேர்ந்து அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, என் வேலையையும் நீங்களே செஞ்சா, நான் சம்பள நாளைக்கு எந்த மூஞ்சியோட வர்றது?" என்று கேட்டிருக்கிறார். அந்த நாட்களில்தான் ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார் ஒருவரின் பல்செட்டை அவள் முடித்துக் கொடுத்தாள். தெருவில் அவரை விசில் மாஸ்டர் என்பார்கள். அவர் கதை பிறகு வருகிறது.

ஒரு புதன்கிழமை கிணற்றுக் குரல் கூப்பிட்டது. பேசுவது அறை முழுக்கக் கேட்டது.

"மேடம், உங்க புத்தகத்துக்கு அச்சகத்துல இடம் பிடிச்சு வெச்சிருக்கேன். திங்கட்கிழமை திருத்தின பிரதி என் மேசைக்கு வரணும். வரலைன்னா அந்த இடம் வேற ஒருத்தருக்குப் போயிடும். அப்புறம் எப்பன்னு என்னால சொல்ல முடியாது. சொல்லப்போனா, அப்புறம் இல்லைன்னே வெச்சுக்கோங்க."

"வந்துடும் மேடம். கிட்டத்தட்ட முடிஞ்சுது."

போனை வைத்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"கிட்டத்தட்ட முடிஞ்சுதா? கயித்தையே இன்னும் அவுக்கலையே!"

"நல்ல கயிறு அத்தை. அவுக்க மனசு வரல." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "போயிடுமா அத்தை, நெஜமாவே?"

"அந்தக் குரல் பொய் சொல்ற குரலா தெரியல."

வியாழக்கிழமை லீவு போட்டாள். பெட்டியை இழுத்து, கட்டைப் பிரித்து, மேசையில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் தண்டனைப் பாடம் எழுதும் பிள்ளையைப் போல முதுகை வளைத்துக்கொண்டு எழுதினாள். சிவப்பு மை வெட்டு என்றால் வெட்டினாள். சுருக்கு என்றால் சுருக்கினாள். மென்மையாக்கு என்ற இடத்தில் வெண்ணெய் தடவினாள். ஒரு சிவப்புக் கோட்டோடும் சண்டை போடவில்லை, ஒன்றையும் விட்டுவைக்கவும் இல்லை. வெயில் இறங்குவதற்குள் முடித்துவிட்டாள். இத்தனை நாள் எதற்குப் பயந்தோம் என்று அவளுக்கே ஆச்சரியம்.

என்னையும் என் மகனையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினாள். நடுவில் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். என் மகன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினான், அது அவன் தொழிலில் பழகியது. கடைசிப் பக்கம் வந்தது. அப்பா, "மகளே, உன்னிடம் பேசாமல் இருந்தது என் தவறு" என்றார். மகள், "அப்பா!" என்றாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சன்னல் வழியாக இளங்காற்று வீசியது.

வாசித்து முடித்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கும்மா" என்றேன். "யார் எழுதினது?"

என் மகன் இருமுவது போல் தலையைத் திருப்பிக்கொண்டான். அவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"முடி முடின்னு எல்லாரும்தானே உயிரை வாங்கினீங்க? முடிச்சாச்சு. இப்ப யார் எழுதினதுன்னா? போங்க அத்தை, உங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டினேன் பாருங்க!"

போய் அடுப்பைத் தேய்த்தாள். அந்த அடுப்பில் தேய்க்க இரும்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போய் உட்கார்ந்து, மெழுகு உருக்கும் சின்ன விளக்கை ஏற்றியிருக்கிறாள். முன்பக்கத்து டாக்டர், விசில் மாஸ்டரைக் கையோடு அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மாஸ்டர் கையில் ஒரு ஆப்பிள். அதில் பல் பட்ட அடையாளமே இல்லை, எச்சில் மட்டும் பளபளத்தது.

"பல்லக்கா, பல்லு ஜோரா இருக்கு," என்றார் மாஸ்டர். "கண்ணாடியில பார்த்தா எனக்கே என்மேல ஆசை வருது. ஆனா சாப்பிட முடியல. இந்த ஆப்பிள்கிட்ட மூணு நாளா தோத்துட்டு வரேன்."

"கடிக்கறப்ப வலிக்குதா மாஸ்டர்?"

"வலிச்சாத்தான் பரவாயில்லையே, கடிக்குதுன்னு நெனச்சுக்குவேன். ஒண்ணுமே இல்ல. மேல் பல்லும் கீழ் பல்லும் ஒண்ணுக்கொண்ணு வணக்கம் சொல்லிட்டு நிக்குது. இதுக்கு என் பொக்கை வாயே தேவலை."

மருமகள் பல்செட்டை வாங்கி, மேல்தாடையும் கீழ்த்தாடையும் மாட்டித் திறந்து மூடும் இரும்புக் கருவியில் பொருத்தினாள். நடுவே நீலத்தாளை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தாள் அவர்களுக்கு உயிர். இரண்டு வரிசைப் பல்லும் எங்கெங்கே தொடுகிறதோ அங்கெல்லாம் நீலப் புள்ளி விழும். எந்தப் புள்ளி உயரமாக நின்று இடிக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் தேய்த்துக் குறைப்பார்கள்.

தட்டினாள். எடுத்துப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை.

"இதை யாரு தேய்ச்சது?"

"நீங்கதான்க்கா," என்றார் மாவு. எட்டிப் பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்தால் மேலிருந்து தூள் பறக்கும். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் செஞ்ச தப்புக்கா இது! நீலம் தெரிஞ்ச இடமெல்லாம் தேய்ச்சுத் தள்ளிடறது. அன்னைக்கு நீங்கதானே என்னைத் திட்டினீங்க? நீலம்னா தப்புன்னு அர்த்தமா, பல்லு பல்லைத் தொடற இடம் அது, இடிக்கறது எது கடிக்கறது எதுன்னு பார்த்துத் தேய்ங்கன்னு."

"திட்டினேனா?"

"கையில இருந்த கரண்டியைத் தூக்கி எறிஞ்சீங்க."

இந்த இடத்தில் என் மருமகளின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் தோன்றியது என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் அவள் செய்தது, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதுதான். என்ன வார்த்தை என்று மாவு என்னிடம் சொன்னார். பேரப்பிள்ளைகள் படிப்பார்கள், இங்கே வேண்டாம். விசில் மாஸ்டர், தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து, ஆப்பிளை மறைத்துக்கொண்டாராம்.

"உங்களை இல்ல மாஸ்டர். என்னை. பல்லை இங்கயே விட்டுட்டுப் போங்க, வரிசையைப் பிரிச்சு மறுபடி அடுக்கித் தரேன். அடுத்த வாரம் ஆப்பிளோட வாங்க. இதைவிடக் கெட்டியான ஆப்பிளா பார்த்து வாங்கிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூட நேராகக் கழற்றவில்லை. மேசையைச் சுவரோரத்திலிருந்து இழுத்துக் கூடத்தின் நடுவில் போட்டாள். வியாழக்கிழமை எழுதியதை எடுத்து ஒரு மூலையில் வைத்தாள். பழைய பிரதியை, அம்மை போட்ட பிரதியை, முன்னால் வைத்தாள். பிறகு எங்களைக் கூப்பிட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நான் இந்த வீட்ல இல்ல. குழாய் ஒழுகினா ஒழுகட்டும். பொத்தான் அறுந்தா அறுந்த சட்டையைப் போட்டுக்கோங்க. வீடு இடிஞ்சு விழுந்தா மட்டும் சொல்லுங்க. அதையும் மெதுவா சொல்லுங்க."

"சாப்பாடு?" என்றான் என் மகன்.

"உங்க கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

அந்த வார இறுதியில் என் மகன் சமைத்தான். அதைப் பற்றி அதிகம் சொல்லக் கூடாது. அவன் இன்னும் என் மகன்தான். சனிக்கிழமை காலையிலேயே குழாய் ஒழுகத் தொடங்கியது, வேண்டுமென்றே. சொட்டு, சொட்டு என்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். எழுந்துவிடுவாளோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை பாதி எழுந்தும்விட்டாள்.

"எங்க?" என்றேன்.

"துணி ஒண்ணு வெச்சு..."

"உக்காரு."

உட்கார்ந்தாள். குழாயைப் பார்த்து, "சொட்டு. எவ்வளவு நேரம் சொட்டுவ, பார்க்கறேன்" என்றாள். அதற்கப்புறம் எழவில்லை.

அவள் வேலை செய்த விதம் வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, வாயை மூடி, பல்லைக் கடித்துப் பார்ப்பாள். சிவப்பு மை இருந்தாலும் இல்லாவிட்டாலும். நாக்கு தடுக்கினால், "இது இடிக்குது" என்று சொல்லிக் கோடு போடுவாள். கிணற்றுக் குரல்காரி லேசுப்பட்டவள் இல்லை. சொன்னதில் முக்கால்வாசி சரிதான் என்று என் மருமகளே ஒப்புக்கொண்டாள். கல்யாணத்தன்று நிலவு பொழிந்ததைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தாள், அத்தனையையும் அடித்தாள். நான் அழுத இடம் அது. போகட்டும். அத்தை பாத்திரம் ஒன்று நாவலில் இருந்தது, ரொம்பக் கலகலப்பான பொம்பளை, வாயைத் திறந்தால் பொய். எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. பாதியாகக் குறைத்துவிட்டாள்.

"ஏம்மா, அவளை விட்டு வெச்சா என்ன?"

"ரொம்பப் பேசறா அத்தை."

யாரை மனதில் வைத்து எழுதினாள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் வேறு சில சிவப்புக் கோடுகளில் அவள் நிறுத்தினாள். வாசித்தாள், பல்லைக் கடித்தாள், மறுபடி வாசித்தாள். "இல்ல. இது கடிக்குது. இது இருக்கும்" என்றாள். உப்பு மேசைக் காட்சியை ஒரே தடவை வைத்தால் போதும் என்று சிவப்பு மை சொல்லியிருந்தது. அவள் அத்தனை தடவையும் வைத்துக்கொண்டாள். "அவர் ஒரு தடவையோடவா நிறுத்தினாரு? படிக்கறவங்களும் ஒவ்வொரு விசேஷத்துக்கும் வந்து அந்த மேசையில உக்காரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். வந்து, அப்படியே உட்கார்ந்திருந்தாள். பேனா மூடியிருந்தது. குழாய் சொட்டியது. எனக்கு அப்போதுதான் புரிந்தது: சன்னலும் அலமாரியும் பொத்தானும் எல்லாமே இந்த ஒரு பக்கத்துக்கு வராமல் இருப்பதற்காகச் செய்த சுற்றுவழிகள். இந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டுமென்றால் அந்த ஆஸ்பத்திரி அறைக்குள் அவள் மறுபடி போய் நிற்க வேண்டும்.

"அத்தை."

"ம்."

"அன்னைக்கு அந்த ரூம்ல நீங்களும் இருந்தீங்க இல்ல? நான் என்ன பண்ணேன்?"

நான் எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள்தான். இதை மட்டும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

"தண்ணி குடுத்த."

"ஏதாவது பேசினேனா?"

"இல்ல. நர்ஸ்கிட்டகூட பேசல. டம்ளரைக் கழுவி வெச்சுட்டு வெளிய வந்துட்ட."

"பேசியிருக்கணுமா?"

"இங்க பாரு. நான் உனக்கு மாமியார். உன்மேல குத்தம் சொல்லக் கெடைச்ச ஒரு சந்தர்ப்பத்தையும் நான் விட்டதில்ல. குழம்புல சொல்லியிருக்கேன், கோலத்தைக்கூட விட்டதில்ல, உன் நடையில சொல்லியிருக்கேன். இதுல சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் கெடைக்கல."

அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். பிறகு பக்கத்தை வாய்விட்டு வாசித்தாள். "அவருக்குப் போதுமான்னு கேளுங்க." வாயை மூடிப் பல்லைக் கடித்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தக் கடி சத்தம் எனக்குக் கேட்டது. சிவப்பு வளையத்தின்மேல் பேனாவை வைத்து, "இருக்கும்" என்று எழுதினாள். அந்த வரியையும், அதன் பின்னால் வந்த கண்ணீர் வரியையும், முதலில் எழுதியபடியே வைத்தாள்.

திங்கட்கிழமை பதிப்பகத்துக்குக் கிளம்பினாள். பலம் சேர்க்க நானும் கூடவே போனேன். மாடிப்படி முழுக்கப் புத்தகக் கட்டுகள். பக்கவாட்டில் நடந்துதான் ஏற வேண்டியிருந்தது. மேலே ஒரு சின்ன அறை. மேசையில் காகித மலைகள், அவை பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின்மேலும் ஒவ்வொரு கல். கல்லுக்குப் பின்னால் கிணற்றுக் குரல்காரி. குரலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒல்லி உருவம், குருவி மாதிரி.

பிரதியை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நீங்க மாத்தவே இல்லையே?"

"இல்ல மேடம். மத்தது நிறைய மாத்தியிருக்கேன். நீங்க சொல்லாததைக்கூட மாத்தியிருக்கேன். இதை மாத்தல."

"படிக்கறவங்களுக்கு வலிக்கும்."

"கடிச்சா வலிக்கத்தான் செய்யும். கடிக்காத பல்லை நான் யாருக்கும் குடுத்து அனுப்பறதில்ல." விசில் மாஸ்டரை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, "ஒரே ஒரு தடவை அனுப்பிட்டேன். திரும்பி வந்துடுச்சு" என்றாள்.

பதிப்பாசிரியருக்கு இது புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் விளக்கம் கேட்கவில்லை.

"இந்த ஒரு பக்கத்தால புத்தகமே நின்னு போச்சுன்னா?"

என் மருமகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நிக்கட்டும் மேடம். இவ்வளவு நாள் முடிக்காம நின்னுது, அது என் தப்பு. இனிமே நின்னா முடிஞ்சு நிக்கும். ரெண்டும் ஒண்ணு இல்ல."

பதிப்பாசிரியர் பின்னோக்கிப் புரட்டினார். நிலவைத் தேடினார் போல, நிலவு இல்லை. உப்பு மேசையில் நின்றார். அடுத்த உப்பு மேசைக்குப் போனார். அதற்கடுத்ததுக்கும். மறுபடி கடைசிப் பக்கத்துக்கு வந்தார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். உட்காரச் சொல்லவும் இல்லை, நாற்காலிகளில் இடமும் இல்லை, அவற்றிலும் காகிதம்தான்.

"சரி," என்றார். "நான் கேட்டது வேண்டாம். அவங்க பேசிக்க வேண்டாம். எனக்கு இப்ப அது தெரியுது. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்களும் பாதிதான் துணிஞ்சிருக்கீங்க."

"என்ன மேடம்?"

அவர் விரலைக் கடைசி வரியின்மேல் வைத்தார். அவள் கண்கள் கலங்கின.

"இது யாருக்காக? அவ அப்படிச் சொல்லிட்டு அழுதுட்டா, பாவம், நல்ல பொண்ணுதான்னு எல்லாரும் மன்னிச்சுடுவாங்கன்னா? நான் அப்பாவை மன்னிக்கச் சொன்னேன். நீங்க அவளுக்கு மன்னிப்பு வாங்கிக் குடுக்கறீங்க. ரெண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செஞ்சிருக்கோம்."

மருமகள் குனிந்து அந்த வரியைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தமில்லாமல் வாசிக்கிறாள். வாயை மூடினாள். பல்லைக் கடித்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். இத்தனை நாளும் அத்தனை பக்கத்தையும் கடித்துப் பார்த்தவள், இந்த ஒரு வரியை மட்டும் கடிக்காமல் விட்டிருக்கிறாள்.

"இடிக்குது," என்றாள் மெல்ல.

"அவசரம் இல்ல," என்றார் பதிப்பாசிரியர். இந்த முறை குரலில் கிணறு கொஞ்சம் மேலே வந்திருந்தது. "பெரிய முடிவு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா யோசிச்சு, நாளைக்குக் குடுங்க. அச்சகத்துக்கு நான் சொல்லிக்கறேன்."

நாளைக்கு என்ற வார்த்தை அந்த அறையில் விழுந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சன்னலும் அலமாரியும் பொத்தான் டப்பாவும் வரிசையாகக் கண்முன் வந்தன. காக்கைக்குக்கூட எங்கேயோ மூக்கு அரித்திருக்கும்.

என் மருமகள் கையை நீட்டினாள்.

"நாளைக்கு வேண்டாம் மேடம். பேனா குடுங்க."

நின்ற நிலையில் குனிந்து, ஒரே இழுப்பில் அந்த வரியை அடித்தாள். இழுத்த வேகத்தில் காகிதம் கிழிந்தது. பேனா முனை அடியிலிருந்த மேசைப் பலகையில் இறங்கிவிட்டது. அந்தக் கோடு இன்றைக்கும் அங்கே இருக்கிறது, விரல் ஆழத்துக்கு. மழைக்காலத்தில் அதில் தண்ணீர்கூடத் தேங்குகிறதாம். சந்தேகமிருந்தால் போய்ப் பாருங்கள். மேலே ஒரு கல் வைத்திருப்பார்கள், அதைத் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும்.